சனிக்கிழமை போடும் படம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் சனிக்கிழமை காலை பள்ளியில் ஒரு துப்பறியும் படம் போடுகிறோம். படிக்கிற நேரத்தில் சினிமா எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு பழைய கறுப்பு வெள்ளை மர்மப் படத்தைப் பாதியில் நிறுத்தி, கொலையாளி யார் என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னோம். பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளில் அந்தக் கறுப்பு வேலைக்காரர்தான். அதுவரை அவர் செய்ததெல்லாம் கதவைத் திறந்துவிட்டதும் காபி கொண்டுவந்து வைத்ததும் மட்டுமே. "பார்த்தாலே தெரியுது சார்" என்றான் ஒரு பையன். அவனும் நல்ல கறுப்பு. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து ஹாலிவுட் நம் கண்ணை அப்படிப் பழக்கிவிட்டது. சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளர் பாத்திரம் அன்று உலகப் பிரபலம். 1931 முதல் 16 படங்களில் அவராக நடித்த வார்னர் ஓலண்ட், ஸ்வீடனில் பிறந்த வெள்ளைக்காரர். மூத்த மகனாக வந்த கீ லூக்தான் நிஜமாகவே சீனாவில் பிறந்தவர். மகனாக நடிக்கச் சீனர் கிடைத்தார். துப்புத் துலக்கும் அப்பாவாக நடிக்க மட்டும் கிடைக்கவில்லையாம்.

சனிக்கிழமை போடுவது 1967இல் வந்த 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்'. மிசிசிப்பி மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் கொலை. ரயிலுக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் கறுப்பரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கறுப்பர், பர்ஸில் பணமும் இருக்கிறது, அவ்வளவுதான் சந்தேகம். பார்த்தால் அவர் ஃபிலடெல்ஃபியாவின் கொலை வழக்கு அதிகாரி, வர்ஜில் டிப்ஸ். சிட்னி பாய்ட்டியே என்ற கறுப்பின நடிகர் அவராக நடித்திருக்கிறார்.

ஒரு காட்சியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க ஆசை. பருத்திப் பண்ணை முதலாளியின் ஆர்க்கிட் தோட்டம். கறுப்பு வேலைக்காரர் எலுமிச்சை ஜூஸ் தட்டோடு நிற்கிறார். டிப்ஸ் கேள்வி கேட்டதும் முதலாளி அவர் கன்னத்தில் அறைகிறார். அடுத்த நொடியே டிப்ஸ் திருப்பி அறைகிறார். அப்போது அந்த வேலைக்காரரின் முகத்தைப் பாருங்கள்.

அப்புறம், பெயர் விஷயம். அந்த ஊர் போலீஸ் தலைவர் டிப்ஸை வெறுமனே 'வர்ஜில்' என்கிறார். உங்கள் ஊரில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவர் நக்கலாகக் கேட்க, 'மிஸ்டர் டிப்ஸ்' என்று பதில் வருகிறது. 'அவன்', 'அவர்' என்ற வித்தியாசம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஆங்கில ஆசிரியை படத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லப்போகிறார். எங்கே 'நீ', எங்கே 'நீங்க' என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

கறுப்பர்மேல் வெறுப்பு மிகுந்திருந்த தெற்கு மாநிலங்களுக்குப் போக பாய்ட்டியே பயந்ததால் பெரும்பகுதியை வடக்கே இல்லினாயில் எடுத்தார்கள். பயம் வீண் அல்ல. 1968 ஏப்ரலில் கறுப்பர் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் தெற்கே கொல்லப்பட்டு, ஆஸ்கர் விழா இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த விழாவில்தான் இது சிறந்த படமானது. சிறந்த நடிகர் விருது போலீஸ் தலைவராக நடித்த ராட் ஸ்டைகருக்கு. பாய்ட்டியேயின் பெயர் போட்டிப் பட்டியலிலேயே இல்லை. அது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள், வீட்டிலும் கேட்பார்கள். நேரம் ஒதுக்கிப் பேசுங்கள்.

வயதுக்கு ஒவ்வாத ஒன்றிரண்டு இடங்களை நாங்கள் முன்கூட்டியே பார்த்து ஒதுக்கிவிடுவோம். பிணத்தைச் சோதிக்கும் காட்சி இருக்கும். பயப்படும் பிள்ளை என்றால் சொல்லிவிடுங்கள். இந்த முறையும் பாதியில் நிறுத்திச் சீட்டு எழுதச் சொல்லப்போகிறோம். கூடவே, ஏன் அவரைச் சந்தேகிக்கிறாய் என்று ஒரு வரி எழுத வேண்டும். வர முடிந்த பெற்றோர் நீங்களும் வந்து எழுதுங்கள். பின்வரிசையில் நாற்காலி போட்டுவைக்கிறோம்.

ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்