செயலாளரின் ஆண்டறிக்கை, 2017-18

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆயுதபூசை வழக்கம்போல் நடந்தது. திருப்பூரிலும் அவிநாசியிலும் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் அறிமுக வகுப்புகளைச் சங்கத்தின் சார்பில் நடத்தினோம்.

பயிற்சி அறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பன்னிரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் பென்டிரைவோடு ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து நிறுவுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏழெட்டு முடியும். மீதி அப்படியே நின்றுவிடும். ஆடி மாதத்தில் மாணவி ஒருவர் பனியன் அச்சுக்காக இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளின் 0.91 பதிப்பில் எட்டு அங்குல அகலத்துக்கு ஒரு பூ வரைந்தார். மறுவாரம் பக்கத்துக் கணினியில் 0.92இல் அதைத் திறந்து, அது கேட்ட கேள்விக்கு ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டு அச்செடுத்தார். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஏழரை அங்குலம். பழைய பதிப்புக்கு அங்குலத்துக்கு 90 புள்ளி, புதியதற்கு 96. அதனால் எட்டு அங்குலத்தின் 720 புள்ளிகள் புதியதில் ஏழரை அங்குலமாகிவிட்டன. தன் தவறென்று எண்ணி அந்தப் பெண் கண் கலங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ், அதாவது கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிரும் முறை, இந்தச் சிக்கலுக்கென்றே இருப்பதுபோல் இருக்கிறது. பொதுக் கணினியான சர்வரில் உள்ள ஓர் அடைவை (ஃபோல்டரை) மற்றக் கணினிகள் தங்கள் சொந்த அடைவாகவே பாவிக்கும். பழைய கணினி ஒன்றைச் சர்வராக்கி, மென்பொருள்களை அதன் 'யூஎஸ்ஆர் லோக்கல்' அடைவில் ஒரே முறை நிறுவினேன். கணினி தொடங்கும்போது எதை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்த அடைவை இணைக்க, பன்னிரண்டிலும் ஒரு வரி சேர்த்தேன். படிக்க மட்டுமே அனுமதி என்பதால் யாரும் தவறுதலாக எதையும் அழிக்க முடியாது. பதிப்புக்கு ஓர் அடைவு, நடப்புப் பதிப்பைக் காட்ட ஒரு சிம்லிங்க், அதாவது வேறோர் அடைவைச் சுட்டும் குறுக்குவழி. புதியது சரிவராவிட்டால் லிங்க்கைப் பழையதற்குத் திருப்பினால் போதும். எல்லாவற்றிலும் ஒரே லினக்ஸ் பதிப்பு இல்லாவிட்டால் லைப்ரரிகள், அதாவது மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்புகள், ஒத்துப்போகா. அதைச் சரிசெய்யவே மூன்று ஞாயிறுகள் ஆயின, தனியாளாக.

"ஓடுவது ஓடட்டுமே" என்று செயற்குழுவில் சொன்னவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். கடைசியாகப் பதிப்பு மாற்றியபோது ஒரு டீ ஆறுவதற்குள் பன்னிரண்டும் மாறிவிட்டன.

குறையும் உண்டு. சர்வர் நின்றால் எல்லாம் நிற்கும். கார்த்திகையில் மின்தடை வந்தபோது மற்றக் கணினிகள் யுபிஎஸ்ஸில் ஓடின. சர்வருக்கு அது இல்லை. பன்னிரண்டு திரைகளும் அசையாமல் நின்றன. சர்வர் பதில் தரும்வரை விடாமல் காத்திருக்கும் 'ஹார்டு மவுண்ட்' முறையில் இணைத்து வைத்திருந்ததால், சர்வர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது.

2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்து கம்பெனிகளில் கணக்கு வேலை கூடிவிட்டது. அதனால் வர இயலாதவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்பே வராமல் நின்றவர்களும், இரண்டாண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நேரில் கேட்டேன், தொலைபேசியில் கேட்டேன். "அடுத்த மாதம்" என்ற பதிலே வந்தது.

வரவு செலவில் பெரிய மாற்றமில்லை. செலவு சற்றுக் கூடுதல். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்த கட்டட உரிமையாளருக்கும், தலைவர், பொருளாளர் இருவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சர்வருக்கு ஒரு யுபிஎஸ் வாங்கியே ஆக வேண்டும். பாக்கிச் சந்தா வந்தாலே அதற்குப் போதும். இந்த ஏற்பாடு முழுவதும் தெரிந்தவன் இன்று நான் ஒருவன்தான். இது சங்கத்துக்கு நல்லதல்ல. ஞாயிறு காலை பத்து மணிக்கு அறையைத் திறந்து வைத்திருப்பேன். இரண்டு பேர் வந்தால் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்