அக்கா, கில்லார்னிக்கு தேதி வந்துடுச்சு

அக்கா,

லெட்டர் வந்துடுச்சு, அடுத்த மாசம் கில்லார்னில ஐரிஷ் குடியுரிமை செரிமனி. இத்தனை நாளா இழுத்துக்கிட்டே இருந்தேன்ல, போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வாட்ஸ்அப்ல சொன்னா நீ ஒரு தம்ஸ் அப் போட்டுட்டு டூட்டிக்கு போயிடுவ, அதான் இங்க எழுதறேன். இங்க எழுதினா நாலு பேர் படிப்பாங்க, நம்ம ஊர்க்காரங்களும் படிப்பாங்க, அதனால சிலதை சுத்தி வளைச்சுதான் சொல்ல முடியும், உனக்கு புரியும்.

அப்ளிகேஷனுக்கு 175 யூரோ, சர்ட்டிபிகேட்டுக்கு 950. பாஸ்டன்ல பொறந்து வளர்ந்த ஒருத்தனுக்கு தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துல பொறந்திருந்தா போதும், இந்த மண்ணை மிதிக்காமலே பேரைப் பதிஞ்சு குடிமகன் ஆயிடலாம். எனக்கு பயங்கர கடுப்பா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சா அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. 1845ல இங்க உருளைக்கிழங்கு பயிர் அழுகி பஞ்சம் ஆரம்பிச்சதுலேந்து ஏழெட்டு வருஷத்துல பத்து லட்சம் பேர் செத்தாங்க, அதை விட அதிகமா கப்பல் ஏறிட்டாங்க. 1841ல 80 லட்சத்துக்கு மேல இருந்த ஜனம், வடக்கு தெற்கு ரெண்டையும் சேர்த்து எண்ணினாலும் இன்னும் அந்த கணக்கைத் தொடல. இப்படி காலியான வீட்டுக்காரங்க போனவங்களோட பேரப்பிள்ளைங்களை கூப்பிடாம வேற யாரைக் கூப்பிடுவாங்க. 1990ல மேரி ராபின்சன் ஜனாதிபதி ஆனப்ப வெளிநாடு போனவங்களுக்காக மாளிகை சமையலறை ஜன்னல்ல ஒரு விளக்கு ஏத்தி வச்சாங்கன்னு நீதான் எனக்கு சொன்ன. சொல்லும்போது உனக்கு கண்ணு கலங்குச்சு, நான் கவனிக்காத மாதிரி இருந்துட்டேன்.

ஆனா இதெல்லாம் விட எனக்கு திரும்பத் திரும்ப வர்றது கார்க் பக்கத்துல கோவ் துறைமுகத்துல அந்த சிலை முன்னாடி நடந்ததுதான். மழை, கூட்டமே இல்ல. இங்கேருந்து அமெரிக்காவுக்கு கப்பல் ஏறின ஆனி மூரும் ரெண்டு தம்பிங்களும் வெண்கலத்துல நிக்கறாங்க, நீ கிளவுஸை கழட்டிட்டு சின்னவன் தலையைத் துடைச்சு விட்ட, அவனுக்கு ஜலதோஷம் பிடிச்சுடும்ங்கற மாதிரி. 1892 ஜனவரி 1, நியூயார்க்ல குடியேற வர்றவங்களை பதிவு பண்ற எல்லிஸ் தீவு திறந்த அன்னைக்கு உள்ள போன முதல் ஆள் ஆனிதான், கையில பத்து டாலர் தங்கக் காசு கொடுத்தாங்க, அதையெல்லாம் சத்தமா சொல்லிக்கிட்டே வந்த நீ திடீர்னு நிறுத்தி, "இவளோட அப்பா அம்மா ஏற்கனவே நியூயார்க்ல இருந்தாங்கடா, இவ தம்பிங்களை அவங்ககிட்ட கொண்டு போய் சேர்த்தா. நான் உன்னை அம்மாகிட்டேருந்து பிரிச்சுல்ல கொண்டு வந்துட்டேன்"ன்ன. நான் உடனே, "நான் கேட்டேனா கூட்டிட்டு வரச்சொல்லி?"ன்னேன். அந்த நேரம் பாத்து மேல கதீட்ரல்ல மணி அடிச்சுது, 49 மணி தொங்குதாம் அதுல. ட்ரெயின் கார்க் வர்ற வரைக்கும் நீ ஜன்னலையே பாத்துட்டு வந்த.

சொன்ன தொனிக்கு ஸாரி. ஆனா நான் கேக்கலதானேக்கா? எனக்கு ஃபீஸ் கட்ட நீ நைட் ஷிப்ட் எடுத்ததும், அத்தான் பேங்க் பேப்பருக்கு அலைஞ்சதும் எனக்கு தெரியாதா, எல்லாம் தெரியும். நீங்க ரெண்டு பேரும் அதை சொல்லிக் காட்டாம இருந்திருந்தா இன்னும் நல்லா தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, உன்கிட்ட சொல்லவே விட்டுப்போச்சு. ரொம்ப காலம் எல்லாரும் ஆனி டெக்சாஸ் பக்கம் போய் செட்டில் ஆனான்னு நினைச்சாங்க, அது வேற ஆனி மூர்னு 2006லதான் கண்டுபிடிச்சாங்க. நம்ம ஆனி நியூயார்க்கை விட்டு நகரவே இல்ல, லோயர் ஈஸ்ட் சைட் நெரிசல்லயே குடும்பம் நடத்தி, பிள்ளைங்களைப் பெத்து, அதுல பல பேரை பறிகொடுத்து, 1924ல செத்துட்டா. குவீன்ஸ்ல புதைச்ச இடத்துக்கு 2008 வரைக்கும் ஒரு கல்லு கூட இல்ல. சிலை மட்டும் ரெண்டு கரையிலயும் இருக்கு. கூடப் போன தம்பிங்க என்ன ஆனாங்கன்னு யாரும் கேக்கறதில்ல, நான் கேக்கறேன், எனக்கு அதுதான் முக்கியம்.

பஞ்சத்துக்கு அப்புறம் இங்க நிலத்தை துண்டு போடறதை நிறுத்திட்டு ஒரே பையனுக்கு எழுதி வைக்க ஆரம்பிச்சாங்க, மத்ததுக்கெல்லாம் கப்பல் டிக்கெட். போன பொண்ணுங்க வீட்டு வேலை செஞ்சு டாலர் அனுப்பி அடுத்த தங்கச்சிக்கு டிக்கெட் எடுப்பாங்க, நிலம் கிடைச்ச அண்ணன் அப்பா கையெழுத்துக்கு காத்திருந்து தலை நரைச்சுதான் கல்யாணம் பண்ணுவான், சில பேர் பண்ணவே மாட்டாங்க. நம்ம தோப்பு விஷயத்துக்கு வர்றேன். இந்தியன் பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணினா புதுசா விவசாய நிலம் வாங்க முடியாது, அவ்வளவுதான். வாரிசா வர்ற பங்கு எங்கயும் போகாது. பெரியம்மா வீட்டுல வேற மாதிரி பேசிக்கறாங்கன்னு கேள்வி. இதுக்கு மேல இங்க எழுதல.

நீ ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு கிளம்பறதுக்கு முந்தின சாயங்காலம் உன் வார்டு சீனியர் ஒருத்தங்க சொன்னாங்களே, அந்த காலத்துல அமெரிக்கா போறவங்களுக்கு உயிரோட இருக்கும்போதே இழவு வீடு மாதிரி ராத்திரி முழுக்க கூடி இருப்பாங்கன்னு. பிடில், டான்ஸ், விஸ்கி, விடியும்போது கிழவிங்க ஒப்பாரி, அப்புறம் பாதி வழி வரைக்கும் ஊரே கூட நடந்து போகும், ஏன்னா திரும்பி வர்றவங்க ரொம்ப கம்மி. நான் அதை நினைச்சுக்கிட்டே ஹால்ல உக்காந்திருந்தேன். நீ பேக்கிங் முடிச்சு பத்து மணிக்கெல்லாம் தூங்கிட்ட. காலைல ஃப்ளைட், நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்த டயர்டு, எல்லாம் சரிதான். எழுப்பியிருக்கலாம்னு இப்ப சொல்லாத.

இங்கத்த ஐரிஷ் நர்ஸுங்க ஆஸ்திரேலியா போறாங்க, அந்த இடத்துக்கு நம்ம ஆளுங்க வர்றாங்க, நீ அந்த ஐரிஷ் நர்ஸுங்க பின்னாடியே போயிட்ட. பெர்த்ல ஐரிஷ் பொண்ணுங்க உன்னை கார்க் ஊர்க்காரின்னு கூப்பிடறாங்கன்னு சொன்னப்ப உனக்கு என்ன பெருமை! நான் வர மாட்டேன்க்கா. நீ அனுப்பற ஜாப் லிங்க் எதையும் நான் திறக்கறதில்ல. எனக்கு இந்த மழை பழகிடுச்சு, இங்கிலீஷ் மார்க்கெட்ல மீன்காரர் என் பேரை சரியா சொல்றார், இதுக்கு மேல காரணம் வேணும்னா என்கிட்ட இல்ல.

அம்மாகிட்ட நான்தான் சொல்வேன், நீ முந்திக்காத. செரிமனி அன்னைக்கு உனக்கு ஆஃப் கிடைக்குமான்னு பாரு, வீடியோ கால் போடறேன். அத்தான் கேட்டா இன்னும் முடிவாகலன்னு சொல்லு.