சனலை எடுத்தது நீங்கள், கூரையில் ஏறுவது நாங்கள்

வன்னியில் சந்தாதாரர்களை வைத்திருக்கும் செய்மதித் தொலைக்காட்சி நிறுவனத்தாருக்கும், இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும்

வணக்கம்.

விளையாட்டுச் சனல் ஒன்று உங்கள் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஒப்பந்தம் முடிந்ததா, விலை படியவில்லையா, டொலர்க் கணக்கு இடித்ததா என்பது உங்களுக்கும் சனல்காரருக்கும் இடையிலான விசயம். அதற்குள் நாங்கள் வரவில்லை. சொல்லாமல் எடுத்ததால் இங்கே என்ன நடக்கிறது என்பதை அறியத் தருவதற்கே இந்த மடல். எழுதுகிறவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்குப் பகுதிகளில் டிஷ் பூட்டுகிறவர்களும், விளையாட்டுக் கழகங்களிலும் சனசமூக நிலையங்களிலும் ரி.வி.க்குப் பொறுப்பாக இருப்பவர்களும். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வாசித்துக்கொண்டு போக உங்களுக்கே விளங்கும்.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் திரை கறுத்துக் கிடந்தால், இந்தப் பக்கத்தில் எவரும் முதலில் சந்தேகப்படுவது டிஷ்ஷைத்தான். அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. 60 சென்ரிமீற்றர்த் தட்டு ஒன்று, இந்தச் சனல்கள் வருகிற கேயூ பாண்ட் அலையில், வானத்தில் பார்க்கிற அகலம் ஏறக்குறைய 3 பாகை. நடுவிலிருந்து ஒன்றரைப் பாகை விலகினால் கிடைக்கும் சக்தி பாதியாகிவிடும். ஒன்றரைப் பாகை என்றால் தட்டின் விளிம்பு அசைவது வெறும் 8 மில்லிமீற்றர், ஒரு சுண்டுவிரல் அகலம்கூட வராது. கச்சான் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் அதைச் செய்யும். தட்டுக்கு முன்னால் நின்று சமிக்ஞையை வாங்கும் எல்.என்.பி.யைப் பிடித்திருக்கும் கையில் மயில் ஒன்று வந்து குந்தினாலும் செய்யும். குரங்குக் கூட்டத்தைப் பற்றி ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தாரிடம் கேளுங்கள். முல்லைத்தீவுக் கரையோரமென்றால் உப்புக்காற்று நட்டையும் கொனெக்டரையும் தின்றுவிடும். மாரியில் வயருக்குள் தண்ணீர் இறங்கும். இத்தனையும் இருக்கும் ஊரில், “சனலை நிறுவனமே எடுத்திருக்கும்” என்று யாருக்குத் தோன்றும்?

ஆகவே கூரைக்கு ஏறுகிறார்கள். போருக்குப் பிறகு கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை ஓடு அல்லது சீற். மழை ஈரத்தில் சீற்றில் கால் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. கூரையில் ஒருவர், ஜன்னலடியில் ஒருவர், ரி.வி.க்கு முன்னால் ஒருவர். “வருதா?” “இல்லை.” “இப்ப வருதா?” “இப்பவும் இல்லை.” வராது, ஏனென்றால் தேடுகிற பொருள் வானத்திலேயே இல்லை. ஆனால் தட்டைத் திருப்பியாயிற்று. இனி மற்றச் சனல்களும் போய்விடும். டிஜிற்றல் பெட்டி புதிய சமிக்ஞையைப் பிடித்துத் திரையில் காட்ட இரண்டு மூன்று செக்கன் எடுக்கும். ஒரு மில்லிமீற்றர் திருப்பி, மூன்று செக்கன் பொறுத்து, பிறகுதான் அடுத்த மில்லிமீற்றர் திருப்ப வேண்டும். அவசரத்தில் திருப்புகிறவர் சரியான இடத்தைப் பத்துத் தடவை கடந்து போவார், ரி.வி. ஒன்றும் காட்டாது. கடைசியில் எங்களைக் கூப்பிடுவார்கள். கிளிநொச்சியிலிருந்து முழங்காவிலுக்கோ, மாங்குளத்திலிருந்து துணுக்காய்க்கோ மோட்டார்சைக்கிளில் போய் வரப் பெற்றோல் காசும் கூலியும் சந்தாதாரர் தலையில். போய்ச் சேர்ந்ததும் நாங்கள் சொல்வது: “அண்ணை, டிஷ்ஷில் பிழையில்லை. அந்தச் சனலை எடுத்திட்டாங்கள்.” அதை நம்புகிறவர் பாதிப்பேர். மீதிப்பேருக்கு நாங்கள் தொழில் தெரியாதவர்கள்.

இதைத் தொலைபேசியிலேயே முடித்திருக்கலாம். உங்கள் முறைப்பாட்டு இலக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் மூன்று கேள்வி கேட்டால் போதும். பெட்டியின் மெனுவில் சமிக்ஞைப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டை இருக்கும், ஒன்று பலம், மற்றது தரம். பலத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. தட்டு வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் எல்.என்.பி.யில் மின் இருந்தால் பலம் காட்டும். தரம்தான் உண்மை சொல்லும். தரம் வழமைபோல இருக்கிறதா? அதே அலைவரிசையில் வரும் மற்றச் சனல்கள் ஓடுகின்றனவா? திரையில் எழுதியிருப்பது சமிக்ஞை இல்லை என்பதா, அனுமதி இல்லை என்பதா? தரம் சரி, பக்கத்துச் சனல்கள் ஓடுகின்றன என்றால் கூரைக்கு ஏற வேலையே இல்லை.

ஒரேயொரு சிக்கலான நிலை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பெட்டி எல்.என்.பி.க்கு 13 வோல்ற் அனுப்பினால் அது செங்குத்து அலைகளை எடுக்கும், 18 வோல்ற் அனுப்பினால் கிடை அலைகளை எடுக்கும். வயர் நீளமாகி, கொனெக்டரும் களிம்பு பிடித்திருந்தால் 18 வோல்ற் வழியிலேயே இறங்கிவிடும். அப்போது கிடைப்பக்கத்துச் சனல்கள் முழுவதும் ஒரேயடியாகப் போகும், மற்றப் பாதி பளிச்சென்று ஓடும். விளையாட்டுச் சனல் அந்தப் போன பாதிக்குள் இருந்தால், நீங்கள் எடுத்ததா, கொனெக்டர் கறள் பிடித்ததா என்று வீட்டில் இருப்பவரால் பிரித்தறிய முடியாது. எந்தச் சனல் எந்த அலைவரிசையில், செங்குத்திலா கிடையிலா வருகிறது என்ற பட்டியலை நீங்கள் வெளியிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரகசியம் ஒன்றுமில்லை, சமிக்ஞை அளக்கும் மீற்றர் வைத்திருக்கிற எவரும் வாசிக்கக்கூடிய விபரம்தான் அது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள்.

அதற்குப் பதிலாக உங்கள் பக்கத்திலிருந்து வரும் ஆலோசனை, “பெட்டியைப் பழைய நிலைக்கு மாற்றிப் பாருங்கள்” என்பது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். பெட்டியை அழித்துவிட்டுத் திரும்பத் தேடும்போது ஓடிக்கொண்டிருந்த சனல்களும் சிலருக்கு வராமல் போகின்றன. காரணம், சந்தா இருக்கிறதென்ற அனுமதியும் செய்மதி வழியாகத்தான் பெட்டிக்குள் இருக்கும் சந்தா அட்டைக்கு வந்து சேர வேண்டும். பெட்டி இயக்கத்தில், ஓடுகிற சனல் ஒன்றில் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். இடையில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து. எடுத்த சனலைத் தேடப்போய் இருந்த சனல்களையும் இழந்தவர்கள் உண்டு.

இனி, போன சனலுக்கு ஈடாகப் புதிதாக நான்கு சனல் தந்திருக்கிறோம் என்ற அறிவித்தலைப் பற்றி. செய்மதியில் இடம் என்பது அளந்து வாங்குகிற சாமான். எச்.டி. விளையாட்டுச் சனல் ஒன்றுக்குச் செக்கனுக்கு 6 முதல் 8 மெகாபிட் வேண்டும், ஏனென்றால் பந்தும் ஆட்களும் ஓடிக்கொண்டிருக்கும் படத்தைச் சுருக்குவது கஷ்டம். பேச்சு நிகழ்ச்சியும் பழைய படமும் ஓடும் சாதாரணச் சனலுக்கு 2 மெகாபிட் போதும். ஒன்றை எடுத்த இடத்தில் மூன்று, நான்கு வைக்கலாம், புதிதாக ஒரு சதமும் இடத்துக்குச் செலவாகாது. ஆகவே அதை அன்பளிப்பு என்று எழுதாதீர்கள். விளையாட்டுப் பார்ப்பவருக்குச் சமையல் சனல் நான்கு தந்தால் அது ஈடாகுமா?

“அப்-பில் பாருங்கள்” என்பது அடுத்த பதில். செக்கனுக்கு 2.5 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 1.1 ஜி.பி. போகும். ஒரு ரி20 நான்கு மணி நேரம், ஒருநாள் போட்டி இடைவேளையோடு எட்டு மணி நேரம். ஒருநாள் போட்டி ஒன்றுக்கே 9 ஜி.பி. ஆகிறது. டெஸ்ட்டைப் பற்றிப் பேசாமல் விடுவோம். இது கோபுரத்துக்குக் கிட்ட இருப்பவரின் கணக்கு. உள்ளூர்களில் மாலையில் எல்லோரும் போனைத் திறக்கும் நேரம்தான் ஆட்டமும் நடக்கிற நேரம், வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். அதோடு இணையப் படம் டிஷ் படத்துக்கு அரை நிமிடம், சிலவேளை அதற்கும் மேலாகப் பிந்தும். பக்கத்து வளவில் விக்கெட்டுக்குச் சத்தம் போட்ட பிறகு இங்கே பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குவார்.

தமிழ் வர்ணனையையும் அந்தச் சனலோடு சேர்த்தே இழந்தோம். 2024 மே மாதம் யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் சன்ரைசர்ஸ் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லில் பந்து வீசியபோது, இங்குள்ள பொடியளுக்கு அது எட்டாத தூரத்து ஆட்டமாக இருக்கவில்லை. இப்படியான ஆட்டத்தைத் தமிழில் கேட்பது ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். முழுச் சனலை வாங்கக் காசு இல்லையென்றால் வேறு வழி உண்டு: ஒரு படத்தோடு பல ஒலித்தடங்களை அனுப்பலாம். ஸ்ரீரியோ ஒலித்தடம் ஒன்றுக்கு 128 கிலோபிட் போதும், எச்.டி. படத்துக்குப் போகிற இடத்தில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது. மீதமுள்ள ஆங்கில விளையாட்டுச் சனலில் தமிழ் ஒலித்தடத்தையும் தரும்படி உரிமையாளரிடம் கேட்டீர்களா? கேட்டு அவர்கள் மறுத்திருந்தால் அதையாவது எழுதுங்கள்.

காசுக்கு வருவோம். இங்கே பலர் மாதம் மாதம் கட்டுவதில்லை. காலபோக அறுவடைக் காசு கையில் இருக்கும்போது ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ சேர்த்துக் கட்டிவிடுவார்கள். நீங்களும் அதற்குக் கழிவு தருகிறீர்கள். கட்டி இரண்டு மாதத்தில் சனல் போனால்? உதாரணத்துக்கு மேல் பொதி 2,400 ரூபா, அதற்குக் கீழுள்ளது 1,600 ரூபா என்று வையுங்கள். 120 சனலில் ஒன்றுதானே போனது, 2,400ஐ 120ஆல் பிரித்தால் 20 ரூபா என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்தக் கணக்கு பிழை. அந்த 800 ரூபாவை மேலதிகமாகக் கட்டியதே விளையாட்டுக்காகத்தான். பத்து மாதம் மீதியிருந்தால் 8,000 ரூபா திரும்ப வர வேண்டும், அல்லது தண்டம் எதுவுமின்றிக் கீழ்ப் பொதிக்கு மாற விட வேண்டும்.

கழகங்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் எந்தவகைச் சந்தா என்பதையும் இத்தோடு தீர்த்துவிடுங்கள். வீட்டுச் சந்தாவை நாற்பது பேர் இருக்கும் மண்டபத்தில் போடுவது ஒப்பந்தத்துக்கு மாறானதென்றால், ஹோட்டல்காரரின் கட்டணத்தைக் கழகத்திடம் கேட்பதும் சரியில்லை. ஊர்க் கழகத்தின் உண்டியலுக்குத் தாங்குகிற ஒரு வகை வேண்டும். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி வானொலி கேட்ட சனம் இது. ஆட்டத்தைக் கூடியிருந்து அனுபவிக்கிற பழக்கம் அப்போதிருந்தே உண்டு.

சனல் போன வீட்டுக்கு நாங்கள் இப்போது சொல்லிக் கொடுப்பது: இலங்கை அணியின் ஆட்டம் உள்ளூர் இலவசச் சனலில் போகிறதா என்று முதலில் பாருங்கள். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் கொக்காவிலில் 174 மீற்றர்க் கோபுரம் 2011 முதல் நிற்கிறது. யூ.எச்.எப். அன்ரனா ஒன்றை மரங்களுக்கு மேலாகத் தெரியும்படி 20, 25 அடிக் குழாயில் ஏற்றி, அந்தக் கோபுரத்தைப் பார்க்கத் திருப்பினால் சந்தா இல்லாமலே படம் வரும். ஐ.பி.எல்.லும் வெளிநாட்டு உதைபந்தாட்டமும் அதில் வருமென்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் முறைப்பாட்டுப் பிள்ளைகளும் இதைச் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆணைக்குழுவுக்கும் அதிகார சபைக்கும் ஒரு வேண்டுகோள். தனியார் தொலைக்காட்சிக்கான உரிமம் 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் ஊடக அமைச்சரிடமிருந்து வருகிறது. அலைக்கற்றை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் ஆணைக்குழுவின் கையில். பாவனையாளரை ஏமாற்றும் விற்பனை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதிகார சபையின் கையில். சந்தா கட்டியவர் பொதியிலிருந்து சனல் எடுக்கப்பட்டதை ஆணைக்குழுவின் 1900க்கு அடித்துச் சொல்வதா, அதிகார சபையின் 1977க்கு அடித்துச் சொல்வதா? இரண்டு நிறுவனங்களும் பேசி, ஒரு பக்கத் தமிழ் அறிவித்தலாகத் தாருங்கள். கழக அறிவித்தல் பலகைகளில் ஒட்டுவது எங்கள் வேலை.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி சனல் நிறுவனமும் விநியோகிப்பவரும் ஒருவருக்கொருவர் மூன்று வாரம் முன்னறிவித்தல் கொடுக்காமல் சனலைத் துண்டிக்க முடியாது. இங்கே நாங்கள் கேட்பது சந்தாதாரருக்கு 30 நாள். அந்த 30 நாளும் அந்தச் சனலின் அடியிலேயே தமிழில் எழுத்து ஓட வேண்டும், ஏனென்றால் அதைப் பார்க்கிறவர் அங்கேதான் இருக்கிறார். குறுஞ்செய்தியும் தமிழில் வரட்டும். அதில் சனலின் பெயர், இலக்கம், நிற்கும் திகதி, காசு திரும்ப வரும் விதம் ஆகிய நான்கும் இருக்கட்டும். நிறுத்திய பிறகும் அந்த இலக்கத்தை வெறுமையாக விடாமல், “இச்சனல் எமது சேவையிலிருந்து நீக்கப்பட்டுள்ளது, உங்கள் டிஷ்ஷில் பிழையில்லை” என்ற அட்டையொன்றை மூன்று மாதம் போட்டு வையுங்கள். அசையாத ஒரு படம் செய்மதியில் மிகக் கொஞ்ச இடமே பிடிக்கும்.

இப்போது எடுத்த சனலுக்கு அந்த அட்டையை இந்தக் கிழமையே போடலாம்.

இப்படிக்கு,
வன்னிப் பகுதி டிஷ் பூட்டுநர்களும் கழகப் பொறுப்பாளர்களும்