நாவலோடு ஒரு வரலாற்று நூலும்

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் தெருக்காரர்கள் சிலர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். இந்த முறை டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்'. தடிமனைப் பார்த்தே இரண்டு பேர் பின்வாங்கினார்கள், சரி, நான்கு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

கூட்டம் சூடுபிடித்தது 'இதில் யார் நிஜம், யார் கற்பனை' என்ற கேள்வியில்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் நெப்போலியன், ரஷ்யத் தளபதி குதுசோவ், மறுபக்கம் பியர், நடாஷா என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். நெப்போலியன் ரஷ்யாவின் மீது படையெடுத்தபோது போரோதினோ போர் நடந்தது 1812இல், டால்ஸ்டாய் பிறந்ததே 1828இல். ஆனாலும் 1867இல் அந்தப் போர்க்களத்துக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அந்தப் பகுதியை எழுதினார். வெள்ளைத் தொப்பியும் பச்சைக் கோட்டுமாகப் பியர், போர் என்றால் என்னவென்றே தெரியாமல் பீரங்கிகளுக்கு நடுவே நிற்கும் இடத்தை ஒருவர் சத்தமாக வாசித்தபோது யாரும் பேசவில்லை. படைக்கணக்கு சொல்லும் நூலில் இது கிடைக்காது.

அதே நேரம், நாவலில் வரும் நெப்போலியன் டால்ஸ்டாயின் தீர்ப்பு. அதையே வரலாறு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது என்பது என் கருத்து. அதனால் அடுத்த கூட்டத்துக்கு அந்தப் படையெடுப்பைப் பற்றிய வரலாற்று நூல் ஒன்றையும் சேர்த்துப் படிக்கிறோம். வரலாற்று நாவல்களுக்கு மதிப்புரை வெளியிடும்போது, கூடவே படிக்க வேண்டிய வரலாற்று நூல் ஒன்றையும் நீங்கள் குறிப்பிட்டால் எங்களைப் போன்ற வாசகர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

– ஒரு வாசகர்