வாஷிங் மெசினின் முகப்பில் தமிழில் ஒரு சீட்டு: இரண்டு அதிகார சபைகளுக்குத் திறந்த மடல்

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபைக்கும்,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கரையோரக் கடைத்தெருக்களில் இப்போது ஒரு புதுப் பேச்சு ஓடுகிறது. "இது ரெண்டு பைப் மெசின். சுடுதண்ணிய நேரா எடுக்கும். கரண்ட் பில் பாதியாக் குறையும்." வீட்டில் சுடுதண்ணீர் லைன் இல்லையே என்று கேட்டால் அதற்கும் மருந்து வைத்திருக்கிறார்கள். குளியலறைச் சுவரில் கொழுவும் இன்ஸ்டன்ட் ஷவர் ஹீட்டர் ஒன்றைத் தள்ளுபடியில் சேர்த்துக் கொடுத்து, அதன் வெளிவாயிலிருந்து மெசினின் சுடுதண்ணீருக்கான சிவப்பு ஹோஸுக்கு இழுத்துவிடுகிறார்கள். இந்த மடலை எழுத வைத்தது அந்த இணைப்புத்தான்.

அந்த ஹீட்டரின் வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. அதன் வெளிவாய் எப்போதும் திறந்தே கிடக்க வேண்டும். திறப்பதும் பூட்டுவதும் தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் மட்டும். மெசினின் வால்வோ, போதிய தண்ணீர் வந்ததும் சட்டென்று அடைத்துக்கொள்ளும். அப்போது ஹீட்டருக்குள் நிற்கும் தண்ணீருக்குப் போக வழியில்லை, சூடாக்கும் சுருளில் மிஞ்சிய சூடும் அதற்குள்ளேயே ஏறும். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் சுவிட்ச் உப்புப் படிந்து ஒட்டிக்கொண்டால் சுருளும் அணையாது. அந்தப் பிளாஸ்டிக் உடல் இப்படியான அழுத்தத்துக்கு வார்க்கப்பட்டதல்ல. முதலில் மூட்டில் கசியும், அதற்குப் பிறகு வெடிக்கும். உள்ளே 230 வோல்ட் நிற்கிறது.

சரி, ஆபத்தை ஒரு பக்கம் வைப்போம். மிச்சமாவது உண்டா? 3500 வாட் ஹீட்டர் 15 ஆம்பியர் இழுக்கும், அதாவது 13 ஆம்பியர் பிளக்கில் கொழுவவே கூடாத சாமான். நிமிடத்துக்கு 8 லீற்றர் ஓடும் தண்ணீரில் அது ஏற்றக்கூடிய சூடு ஆறு பாகை சொச்சம். மோட்டர் வைத்து அடிக்காமல் தாங்கியிலிருந்து மெதுவாக வரும் லைனென்றால், பல வீடுகளில் அந்த ஓட்டச் சுவிட்ச் இயங்குவதேயில்லை. ஹீட்டர் சும்மா நிற்க, பச்சைத்தண்ணீர்தான் மெசினுக்குள் போகிறது. சூடாகியே வந்தாலும் அதே கரண்டுதானே? தண்ணீரைச் சுவரில் சூடாக்கினாலும் மெசினுக்குள் சூடாக்கினாலும் மீற்றர் ஒன்றுதான். இடையில் பைப்பில் வீணாகும் சூடு மட்டும் கூடுதல்.

ஆகவே எங்கள் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு வாஷிங் மெசினின் முகப்பிலும், ஒரு தோய்ப்புக்கு எத்தனை யூனிட் போகும் என்று, பச்சைத்தண்ணீரில் எவ்வளவு, 40 பாகையில் எவ்வளவு, 60 பாகையில் எவ்வளவு என்று பிரித்துத் தமிழில் ஒரு சீட்டு ஒட்ட வையுங்கள்.

இரண்டு பைப்பா ஒரு பைப்பா என்ற வழக்கு இந்த ஊரில் பிறந்ததல்ல. வீடு முழுவதற்கும் கேஸில் தண்ணீர் காய்ச்சி வைக்கும் குளிர்நாடுகளில் அது ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. கேஸ் மலிவு, கரண்ட் விலை கூட, அன்றைய மெசின்களும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தன. இன்றைய முன்கதவு மெசின் தோய்க்கும் சுற்றுக்கு எடுப்பது கிட்டத்தட்ட 15 லீற்றர். அதையும் ஒரே மூச்சில் எடுக்காது. ஐந்தாறு லீற்றர் எடுத்து, உடுப்பு அதை உறிஞ்சியதும் இன்னும் கொஞ்சம் கேட்கும். அரை அங்குலப் பைப் 10 மீற்றருக்குள் 2 லீற்றருக்குக் கிட்ட ஆறிப்போன தண்ணீர் நிற்கும், முதலில் அதுதான் வந்து சேரும். காய்ச்சிய தண்ணீர் மெசினை எட்டும் நேரத்தில் வால்வு பூட்டிவிடும். அதனால்தான் கம்பனிகள் இரண்டாவது வால்வைக் கழற்றிவிட்டு, உள்ளே 2000 வாட் சுருள் ஒன்றை வைத்து ஒரே பைப்போடு அனுப்புகின்றன.

இங்கே கணக்கு வேறு. ஐரோப்பாவில் குழாய்த் தண்ணீர் 12 பாகையில் வந்தால், 15 லீற்றரை 40 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ அரை யூனிட் வேண்டும். மட்டக்களப்பில் தண்ணீர் வரும்போதே 28 பாகை. அதே 40க்கு 0.21 யூனிட் போதும், 60க்கு 0.56. இது தண்ணீருக்கு மட்டும். உடுப்பு, டிரம், வெளியே போகும் சூடு, மோட்டர் எல்லாம் சேர்ந்தால் 60 பாகைத் தோய்ப்பு ஒன்று ஒரு யூனிட்டைத் தொடும். சுருள் வேலை செய்யாத பச்சைத்தண்ணீர்த் தோய்ப்பு 0.15 யூனிட் அளவில் முடிந்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கூரைக்கு மேலே நிற்கும் கறுப்புத் தாங்கியின் மத்தியானத் தண்ணீர் கையைச் சுடும். வெளிநாட்டான் காசு கொடுத்துச் சூடாக்கும் அளவுக்கு எங்கள் தண்ணீரை வெயில் சும்மா சூடாக்கித் தருகிறது. நொதியம் கலந்த இன்றைய சவர்க்காரத் தூளுக்கு அந்தச் சூடு தாராளம். மீன் இரத்தமும் பால் கறையும் கொதிதண்ணீர் பட்டால் துணியிலேயே இறுகிவிடும், அவற்றுக்குப் பச்சைத்தண்ணீர்தான் சரி.

இங்கே மிச்சம் பிடிக்கும் வழி இரண்டாவது பைப்பில் இல்லை, சுருளை அணைத்து வைக்கும் பொத்தானில் இருக்கிறது. அந்தப் பொத்தான் எது என்று வாங்கியவருக்கு யாரும் சொல்வதில்லை. முன்கதவு மெசின்கள் பல, சுவிட்ச் போட்டவுடன் பருத்தி உடுப்பு நிரலில், 40 அல்லது 60 பாகையில் வந்து நிற்கும். வெப்பப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி, பனித்துளிக் குறியோ வெறும் கோடோ வரும் வரை கொண்டுபோக வேண்டும். சில மெசின்களில் ஒவ்வொரு முறையும்.

இதனால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு வீட்டைக் கணக்குக்கு எடுங்கள். படுத்த படுக்கையாய் ஒரு முதியவர், ஒரு கைக்குழந்தை. மெசின் இல்லாமல் சமாளிக்க முடியாத வீடு என்பதால் தவணைக்கு எடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் மாதம் 45 யூனிட். கொழுவ வந்த பையன் 60 பாகையில் ஒரு தோய்ப்பு ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்காரி அதையே பிடித்துக்கொண்டாள். படுக்கை விரிப்பு, சாரம், துவாய், பிள்ளையின் சட்டை, எல்லாம் 60, நாளுக்கு ஒன்று. மாதம் 30 யூனிட் ஏறி மொத்தம் 75. விரிப்புகளை மட்டும் வாரம் இரண்டு முறை 60இல் போட்டு, மற்றதையெல்லாம் பச்சைத்தண்ணீரில் போட்டிருந்தால் 12 யூனிட் அளவுதான் கூடியிருக்கும். மொத்தம் 57.

57க்கும் 75க்கும் நடுவில் எது நிற்கிறது என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் மேலதிக யூனிட்டுக்கு மட்டும் காசு கூடுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்து விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். அந்த வீட்டில் பில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மீற்றர் பழுது என்றுதான் நினைக்கிறார்கள். மீற்றரைச் சோதிக்க விண்ணப்பம் எழுதுகிறார்கள். மீற்றரில் ஒரு பிழையும் இல்லை. ஒரு பொத்தானை யாராவது தமிழில் காட்டியிருந்தால் அந்த விண்ணப்பத்துக்கே தேவை வந்திராது. வெள்ளை விரிப்புக்கு நியாயமாய்ச் செலவான 60 பாகையை யாரும் குறை சொல்லவில்லை. தேவையில்லாத சாரத்துக்கும் அது போனதைத்தான் சொல்கிறோம்.

சீட்டே இல்லையென்றும் சொல்ல மாட்டோம். சில மெசின்களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சீட்டு ஒட்டியபடி வருகிறது. 2021 மார்ச்சிலிருந்து நடைமுறைக்கு வந்த அந்தச் சீட்டில் உள்ள யூனிட் கணக்கு 100 தோய்ப்புக்கு உரியது, அதுவும் 40-60 சிக்கன நிரல் ஒன்றுக்கு மட்டும். அந்த நிரல் முழுச் சுமைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் என்பதால் இங்கே அதைத் தொடுவார் குறைவு. விற்பவர் அந்த எண்ணைக் காட்டி, "மாசத்துக்கு இவ்வளவுதான்" என்கிறார். கேட்பவர் தலையாட்டுகிறார். மின்குமிழுக்கு நட்சத்திரம் எண்ணி ஒட்ட வைத்தவர்கள் நீங்கள். 2000 வாட் சுருளுக்கு எங்கேயோ குளிர்நாட்டில் அளந்த எண் போதும் என்று விட்டுவிட்டீர்கள் போலும்.

"ராவு பத்தரைக்குப் பிறகு போடுங்க, கரண்ட் மலிவு" என்பதும் கடையில் கிடைக்கும் இலவச ஆலோசனை. நேரத்துக்கு நேரம் விலை மாறும் மீற்றர் உள்ளவருக்கு அது உண்மை, மாலை 6.30 தொடக்கம் இரவு 10.30 வரை உச்ச விலை. சாதாரண மீற்றர் வீட்டில் எந்த நேரம் தோய்த்தாலும் ஒரே காசு. அந்தப் பேச்சை நம்பி நித்திரை முழிப்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

தண்ணீர் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெசின் வால்வு ஒழுங்காக வேலை செய்யப் பெரும்பாலும் 0.3 தொடக்கம் 0.5 பார் வேண்டும். தாங்கியின் நீர்மட்டம் வால்வுக்கு மேலே 3 தொடக்கம் 5 மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் அது கிடைக்கும். ஒற்றைத் தட்டு வீட்டில் தாங்கியைத் தாழ்வாரத்துக்கு மேலே வைத்திருப்பவருக்கு 2 மீற்றர்கூட வராது. மெசின் தண்ணீருக்குக் காத்திருந்து, ஐஈ என்றோ 4சி என்றோ திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். இரண்டு பைப் மெசினில் சிவப்பு வாயைச் சும்மா அடைத்து வைத்திருந்தால் சூட்டு நிரலில் இதே கதைதான். சுடுதண்ணீர் இல்லாத வீட்டில் ஒய் மூட்டுப் போட்டு இரண்டு வாய்க்கும் பச்சைத்தண்ணீரே கொடுத்தால் காரியம் முடிந்தது. கிணற்றுத் தண்ணீரில் மணலும் இரும்புக் கறையும் வந்தால் ஹோஸ் பூட்டும் இடத்திலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவினாலே பாதிப் பழுது தீரும். வன்தண்ணீர் உள்ள இடங்களில் சுருளில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு பிடித்து, கடைசியில் வெடித்து ட்ரிப் சுவிட்சை விழுத்தும். பச்சைத்தண்ணீரில் தோய்ப்பவருக்கு அந்தச் செலவும் குறைவு.

சூரிய வெப்பத்தில் தண்ணீர் காய்ச்சும் தாங்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இரண்டாவது பைப் உண்மையிலேயே பயன் தரும். அதற்கும் முறை இருக்கிறது. வால்வும் ஹோஸும் தாங்குவது பெரும்பாலும் 60 பாகை வரை, சூரியத் தாங்கி வெயில் நாளில் அதைத் தாண்டிப் போகும். ஆகவே இடையில் கலப்பு வால்வு வேண்டும். சாதாரண பிவிசி அந்தச் சூட்டில் இளகிவிடும், சிபிவிசி அல்லது பிபிஆர் பைப் போட வேண்டும். ஒரே வாய் உள்ள மெசினுக்குச் சுடுதண்ணீரைக் கொடுக்கவே கூடாது, அலசுவதற்கும் அதையே எடுத்துக் கொட்டும்.

இவ்வளவும் கையேட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில், சீனத்தில், அரபியில், இன்னும் எங்களுக்குப் பெயர் தெரியாத மொழிகளில் இருக்கிறது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்த மொழி மெசின் பெட்டிக்குள் நுழைய இன்னும் எத்தனை திருத்தம் வேண்டுமோ! ரம்புட்டான் பழத்தைத் தோய்க்கச் சொல்லி எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகும் நிலையில்தான் வாங்குபவர் நிற்கிறார். தவணைப் பத்திரமும் அதே மொழியில்தான். அது வேறு வழக்கு, இன்னொரு நாள் பேசலாம்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். சீட்டு விபரம் பற்றிப் பணிப்புரை விடுக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் சபைக்கு இடம் தருகிறது. வலுவை அளக்கவும் தரம் பிரிக்கவும் அறிவு மற்றச் சபையிடம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்தால் போதும். சீட்டில் பெரிதாக ஒன்றும் வேண்டாம்: தோய்க்கும் சுற்றுக்கு எத்தனை லீற்றர், உள்ளே சுருள் உண்டா, எத்தனை வாட், 28 பாகையில் வரும் தண்ணீருக்குப் பச்சையில், 40இல், 60இல் தோய்ப்பு ஒன்றுக்கு எத்தனை யூனிட், எத்தனை வாய், தாங்கி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும். கீழே சிவப்பு எழுத்தில், "இன்ஸ்டன்ட் ஷவர் ஹீட்டரை இதில் இணைக்கக் கூடாது" என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியையாவது மற்றவற்றுக்குக் காத்திராமல் உடனே கடைகளுக்கு அறிவிக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம். தமிழ் வாசகத்தை எழுதிப் பிழை பார்த்துத் தர ஆள் வேண்டுமென்றால் இங்கே இருக்கிறார்கள், சம்பளம் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில் வாஷிங் மெசின் திருத்தும் சிலர்