நவம்பர் 25 உரையை முழுசாகப் படி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். இந்த முறையாவது தள்ளிப்போடாதே. பெரியவளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். கண்புரை எடுத்தபிறகு பொடி எழுத்தெல்லாம் தெரிகிறது. அதனால் உன்னோடு சண்டை போடவும் தெம்பு வந்துவிட்டது.

சண்டை உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பற்றி. மறியல், உண்ணாவிரதம், ஊர்வலம் எல்லாவற்றையும் தடை செய்துவிட வேண்டும், அம்பேத்கரே இவற்றை அராஜகத்தின் இலக்கணம் என்று சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாக்கிரகம் ஆகியவற்றை அப்படிச் சொன்னார், மறுக்கவில்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். மறுநாள் அரசியல் சட்டத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர் ஒரு நிபந்தனையோடு சொன்னதை நீ நிபந்தனையைக் கழற்றிவிட்டு எடுத்துக்கொண்டாய். சட்டபூர்வமான வழி எதுவுமே இல்லாத காலத்தில் அந்தப் போராட்டங்களுக்கு நியாயம் இருந்தது, வழி திறந்திருக்கும்போது அந்த நியாயம் இல்லை என்பதுதான் அவர் வாதம். 1927-இல் மகாராஷ்டிரத்து மகாடு ஊர்க் குளத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிப்போனவர் அவர்தானே? 1930-இல் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டமும் அவர் நடத்தியதுதான். மறியல் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை.

அப்படியானால் இன்றைக்குக் கேட்க வேண்டியது வழி திறந்திருக்கிறதா என்பதைத்தான். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கிற மனு சுற்றிச் சுற்றி யார்மேல் புகாரோ அவர் மேசைக்கே விசாரணைக்கு வந்து சேர்வதை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். கிராம சபையில் தீர்மானம் போடலாம், அதற்குப் பதில் வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பஸ் கண்ணாடியை உடைக்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆம்புலன்ஸை மறிக்கிறவனுக்கும்தான். ஆனால் கதவைத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறவரும் அந்த உரைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நீ ஒரு பக்கத்தை மட்டும் கூண்டில் ஏற்றுகிறாய்.

அதே உரையில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்றார். நம் ஊரில் இதற்கு விளக்கம் எழுதவே வேண்டாம், கட்-அவுட்டைப் பார்த்தால் போதும். அவர் சிலைக்கே மாலை போட்டுவிட்டு அவர் சொன்னதைப் படிக்காமல் இருப்பதும் அந்தப் பக்தியில்தான் சேரும் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவதுதான் கனமானது. 1950 ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது என்றார். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நினைவிருக்கிறதா? 1996-இல் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே தேர்தலை ஒழுங்காக நடத்த முடியவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. மீறி ஒருவர் ஜெயித்தால், பதவியேற்ற கையோடு ராஜினாமா வந்துவிடும். 2006-இல்தான் நிலைமை மாறியது. சட்டம் கொடுத்த நாற்காலியில் உட்கார ஊர் விடவில்லை. அம்பேத்கர் எதைப் பார்த்துப் பயந்தாரோ அது இதுதான். 'சாதி ஒழிந்துவிட்டது, இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள்' என்று நீ அடிக்கடி சொல்வாயே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. உரையின் முன்பகுதியில் நன்றி சொல்லிக்கொண்டே வருகிறார். சபையின் சட்ட ஆலோசகர் பி.என். ராவுக்கு, வரைவுக்குழு நண்பர்களுக்கு, சட்ட வாசகங்களை எழுதிய எஸ்.என். முகர்ஜிக்கு. அப்புறம் சபையில் எதிர்த்து எதிர்த்துப் பேசிய உறுப்பினர்களுக்கு, கலகக்காரர்களுக்கு, நன்றி சொல்கிறார்! கட்சிக் கட்டுப்பாடு கறாராக இருந்திருந்தால் இந்தச் சபை ஆமாம் போடுகிறவர்களின் கூட்டமாக ஆகியிருக்கும், நல்லவேளை கலகக்காரர்கள் இருந்தார்கள் என்கிறார். காமத், பி.எஸ். தேஷ்முக், சித்வா, கே.டி. ஷா, குன்ஸ்ரு என்று பெயர்களையும் அடுக்குகிறார். அவர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை, அதனால் அவர்கள் செய்த சேவை குறைந்துவிடாது என்கிறார். காமத்தும் லேசுப்பட்டவர் இல்லை. முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, வாக்கெடுப்பு வரைக்கும் கொண்டுபோய், 41-க்கு 68 என்று தோற்றார்.

இன்றைக்கு ஒரு எம்.எல்.ஏ. அப்படி எழுந்து நிற்க முடியுமா? 1985-இல் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தம் வந்து பத்தாவது அட்டவணையை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்தை, சேர்த்தது. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் விட்டாலோ கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. அடுத்தடுத்துக் கட்சி மாறிய கூத்தை யாரும் மறக்கவில்லை. ஆனால் பணத்துக்கு விலைபோகிறவனுக்கும் ஒரு மசோதாவை மனசாட்சிப்படி எதிர்க்கிறவனுக்கும் ஒரே தண்டனை என்று வைத்துவிட்டோம். மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து போனால் அதற்கு இணைப்பு என்று பெயர், தண்டனை கிடையாது. சில்லறை வியாபாரத்துக்குத் தடை, மொத்த வியாபாரத்துக்கு லைசென்ஸ்! அரசு கவிழக்கூடிய நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் கொறடா இருக்கட்டும், மற்ற மசோதாக்களில் உறுப்பினரை அவர் போக்கில் விட்டுவிடலாம் என்பது என் வாதம். ஆட்சியில் இருக்கும்போது இதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கலகக்காரர்களில் கே.டி. ஷா, 1948 நவம்பரில் இந்தியா மதச்சார்பற்ற, சோஷலிச நாடு என்று முதல் உறுப்பிலேயே எழுதச் சொன்னார். அம்பேத்கர் மறுத்துவிட்டார். பொருளாதாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து மக்கள் தீர்மானிக்கட்டும், நாம் இப்போதே கையைக் கட்டிப்போடக் கூடாது என்றார். 1976-இல், எமர்ஜென்சி நடுவே, அதே இரண்டு வார்த்தைகள் முகப்புரையில் ஏறின. எனக்கு அம்பேத்கர் சொன்னது சரி என்று ஒரு நாள் படுகிறது, ஷா பக்கம்தான் நியாயம் என்று மறுநாள் படுகிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது யோசித்து எழுது. பொழுதும் போகும்.

அங்கே எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்