கண்ணு, அந்த ஜன்னல்ல தண்ணி கோத்திருந்துச்சே

கண்ணு,

பொங்கலன்னிக்கு நீ அனுப்புன போட்டோ வந்துச்சு. உங்கம்மா பாத்துட்டு, பால் கிழக்கால பொங்கியிருக்கு, இந்த வருஷம் பரவால்லன்னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டா, போட்டோல எது கிழக்குன்னு உனக்கு எப்டிடி தெரியும்னு கேட்டேன், அதுக்கு பதில் இல்ல.

நான் பானைய பாக்கல. பானைக்கு பின்னாடி ஒரு ஜன்னல் தெரியுது. கண்ணாடி பூரா தண்ணி கோத்து நிக்குது, கீழ் ஓரத்துல வெள்ளையா உறைஞ்சிருக்கு, சட்டத்துல இருக்கற ஸ்க்ரூ தலை ஒவ்வொண்ணுக்கும் திருநீறு வெச்ச மாதிரி பனி. நீ ஒரு துண்டை சுருட்டி அடில சொருகி வெச்சிருக்க. வலது பக்க மூலைல உன் பூட்ஸுக்கு பக்கத்துல செகப்பா ஒரு சின்ன ஹீட்டர், நடுவுல ஆரஞ்சா எரியுது. மூணு நாளா அந்த மூலையத்தான் பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துட்டு இருக்கேன், இப்ப போன்ல அதுக்கு மேல பெருசாக மாட்டேங்குது.

அந்த ஹீட்டர் எரியறப்ப ஜன்னல் ரெண்டு விரக்கடை திறந்திருக்கா இல்லையா, முதல்ல அத சொல்லு.

நீ டிரெய்லர்ல, அந்த சக்கரம் வெச்ச வண்டி வீட்ல, இருக்கறது தம்பி சொல்லி நவம்பர்லயே தெரியும். அவனை திட்டாத, நான்தான் நோண்டி நோண்டி கேட்டேன். அமெரிக்கால போஸ்மன்னு ஊர் பேரு சொன்னான், மேப்ல பாத்தா நம்ம குன்னூரை விட உயரம் கம்மி, குன்னூர் 1,850 மீட்டர், அது 1,500க்கும் கீழ, ஆனா குளிர் மட்டும் மைனஸ் முப்பதுக்கு போகுதாம். நம்ம தலைகுந்தால புல்லு மேல உறைபனி விழுந்தா பேப்பர்ல போட்டோ போடுவான், உனக்கு அது வெயில் காலம்.

31 வருஷம் கேஸ் ஏஜென்சில மெக்கானிக்கா இருந்தவனுக்கு தெரிஞ்சது கேஸ் மட்டும்தான், அதனால கேஸ் பத்தியே எழுதறேன், வேற எதுவும் கேக்கல.

வண்டியோடவே வர்ற பெரிய ஹீட்டரு, அந்த ஃபர்னஸ், சிலிண்டரை குடிக்குதுன்னு நீ அதை அணைச்சிட்டு சின்ன ஹீட்டர்ல ஓட்டற, சரியா? நீ கணக்குல கெட்டி, உன் கணக்கும் தப்பில்ல. ஃபர்னஸ்ல நூத்துக்கு இருபது இருபத்தஞ்சு பங்கு சூடு புகையோட வெளிய போயிடும், சின்னதுல எரியற அத்தனையும் ரூமுக்குள்ளயே நிக்கும். ஆனா சூடு மட்டுமா நிக்குது? உன் சிலிண்டர்ல இருக்கற கேஸ், புரோப்பேன், ஒரு கிலோ எரிஞ்சா ஒண்ணரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வரும், ஃபர்னஸ்னா அது புகையோட சேந்து வெளிய போயிரும், உன் சின்னதுல போறதுக்கு வழியில்லாம கண்ணாடில வந்து உக்காருது. உன் சிலிண்டர் ஒண்ணு 30 பவுண்டுதான, நம்ம வீட்டு 14.2 கிலோவுக்கு கொஞ்சம் கம்மி, அத முழுசா உள்ள எரிச்சா 22 லிட்டர் தண்ணிய நீயே குடத்துல மொண்டு ரூமுக்குள்ள ஊத்துன மாதிரி. அப்புறம் சுவரு பூசணம் பூக்கும், மெத்தைக்கு அடில கைய விட்டுப் பாரு, ஈரமா இருக்கும். ஈரமான ரூமு காயறதுக்கும் அதே சூடுதான் செலவாகும்.

தண்ணி கூட பரவால்ல. ஆக்சிஜன் கொறஞ்சா தானா அணைஞ்சிரும்னு அந்த ஹீட்டர் டப்பால போட்டிருப்பான். இருக்கட்டும், ஆனா அது கார்பன் மோனாக்சைடை, அந்த விஷக் காத்தை, அளக்கற கருவி இல்ல கண்ணு. நம்ம கேஸ்ல நாத்தத்தை வேணும்னே சேத்து விடறான், கசிஞ்சா மூக்குக்கு தெரியணும்னு. கார்பன் மோனாக்சைடுக்கு நாத்தம் கெடையாது, நிறம் கெடையாது, தலைவலிக்குது, தூக்கம் வருதுன்னு படுத்தா அவ்வளவுதான். அலாரம் ரெண்டு இருக்கணும். புரோப்பேன் காத்தை விட கனம், தரையோட தவழும், அதுக்கு உண்டானது தரைகிட்ட இருக்கும். இன்னொண்ணு கார்பன் மோனாக்சைடுக்கு, நீ படுக்கற எடத்துக்கு பக்கத்துல இருக்கணும். அலாரத்துக்கு ஆயுசு உண்டு, அஞ்சு ஏழு வருஷத்துல செத்துரும், பட்டனை அமுக்கினா கீச்சுன்னு கத்தும், அதை நம்பாத, பின்னாடி தேதி போட்டிருக்கும் பாரு. பழைய வண்டி வாங்கியிருக்க, போன சொந்தக்காரன் மாத்தியிருப்பானா? கத்துதுன்னு பேட்டரிய கழட்டி வெக்கல இல்ல?

ஒரு விஷயத்துல எனக்கு சந்தோஷம்தான். அவ்வளவு பெரிய வண்டிய நீயே இழுத்துட்டு வந்து நீயே லெவல் பண்ணி நிறுத்துனியாம், தம்பி சொன்னான். பத்து வயசுல என்கூட சைக்கிள்ல வந்து பிரஷ்ஷால சோப்புத்தண்ணி தொட்டு ரெகுலேட்டர் கழுத்துல தடவி, அப்பா இங்க முட்டை விடுதுன்னு கத்துவ, அந்த வீட்டம்மா உனக்கு முறுக்கு குடுப்பாங்க. நான் இங்க கூட வேலை பாக்கறவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எம்பொண்ணு தனியா டிரெய்லர் ஓட்டறான்னு. ஏன் ஓட்டறான்னு ஒருத்தன் கேட்டான். அதுக்கு என்ன சொல்றதுன்னு நீயாவது சொல்லிக் குடுத்திருக்கலாம், ஒரு வார்த்தை சொல்லாம அக்டோபர்லருந்து வெறும் குட் மார்னிங் படமா அனுப்பிட்டிருக்க, நாங்க என்ன வெளியாளா?

சரி விடு. சிலிண்டருக்கு வரேன்.

இங்க ஊட்டில ஜனவரி காலைல போன் மேல போன் வரும், புது சிலிண்டர் மாட்டியும் அடுப்பு மங்கலா எரியுதுன்னு. நம்ம கேஸ்ல ப்யூட்டேன் கலந்திருக்கு, ஜீரோ கிட்ட போனா அது ஆவியாகாம உள்ளயே தூங்கும், ஜனங்க சிலிண்டரை சுடுதண்ணில உக்கார வெப்பாங்க, நான் போய் கத்துவேன். உன்னது தனி புரோப்பேன், மைனஸ் 42 வரைக்கும் ஆவியாகும், அந்தக் கவலை இல்ல. ஆனா குளிர ஆக அழுத்தம் கொறையும், சிலிண்டர்ல கால்வாசிதான் இருக்குன்னா இன்னும் கொறையும், ஃபர்னஸ் பத்திப் பத்தி அணையுதுன்னா அது ரிப்பேருன்னு முடிவு பண்ணாத, முதல்ல சிலிண்டரை மாத்திப் பாரு. எந்தக் காரணத்துக்கும் நெருப்பு காட்டாத, டார்ச்சு கீர்ச்சுன்னு எவனாவது யோசனை சொல்லுவான். ரெகுலேட்டருக்கு மேல ஐஸ் உக்காராம மூடியோட இருக்கணும்.

30,000 பிடியூ (அது சூட்டை அளக்கற கணக்கு) ஃபர்னஸ் நிக்காம ஓடுனா ஒரு சிலிண்டர் 21 மணி நேரத்துல காலி. நமக்கு ரெண்டு பேருக்கு அதே அளவு ரெண்டு மாசம் வருது! அதான் நீ பயந்துட்ட. ஆனா அது நிக்காம ஓடறதுக்கு காரணம் வண்டி ஒழுகறது. மூணு வாரமா வீடியோவா பாத்து வெச்சிருக்கேன், உங்கம்மா எனக்கு கிறுக்கு புடிச்சிருச்சுங்கறா.

முதல் வேலை வண்டிக்கு கீழ. சக்கரம் இருக்கற எடம் சுத்தி காத்து பூந்து தரைய சில்லுனு ஆக்கும், சுத்தி பாவாடை கட்டணும், ரெண்டு இன்ச் ஃபோம் ஷீட்டை வெட்டி நிறுத்தி சந்து எல்லாம் டேப் ஒட்டு, அதுக்கு வெளிய பனிய மண்வெட்டில தள்ளி அணை மாதிரி கட்டிரு, பனியே கம்பளி மாதிரி காக்கும். வைக்கோல் கட்டு வெக்கற ஆளுங்களும் இருக்காங்க, எலி வரும், நெருப்பு பயம், நமக்கு வேணாம். ஆனா ஃபர்னஸ் புகை வர்ற ஓட்டை இருக்கு பாரு, அதை ஷீட்டும் மூடக்கூடாது பனியும் மூடக்கூடாது, பனி விழுந்த ஒவ்வொரு காலைலயும் முதல் வேலையா அதை தட்டி விடு.

அப்புறம் ஜன்னல். ஹேர் டிரையர் காட்டினா இறுகற பிளாஸ்டிக் கிடைக்குதாம், உள் பக்கம் ஒட்டிட்டா கண்ணாடிக்கும் உனக்கும் நடுவுல காத்து மெத்தை மாதிரி நிக்கும். ஒரு ஜன்னலை மட்டும் ஒட்டாம விடு, ரெண்டு விரக்கடை திறக்கறதுக்கு. கூரைல காத்து போற ஓட்டைக்கு ஸ்பாஞ்சு தலகாணி விக்கறான், ராத்திரி சொருகிக்க, ஹீட்டர் எரிஞ்சா எடுத்துரு. கதவு ரப்பரு, வெளிய இழுத்து விடற ஸ்லைடு ரப்பரு, சிங்குக்கு அடில பைப்பு போற ஓட்டை, ஒரு ஊதுபத்திய கொளுத்தி காட்டிட்டே வா, புகை எங்க ஆடுதோ அங்க ஒழுகுது.

ஃபர்னஸை ஒரேடியா அணைக்காத. அதோட சூட்டுக் காத்துதான் கீழ போற தண்ணி பைப்பையும் டேங்க்கையும் காக்குது, உள்ள கதகதன்னு இருக்கேன்னு நீ படுத்திருப்ப, கீழ பைப்பு வெடிச்சிருக்கும். வண்டி நிறுத்தற பார்க்குல கரண்ட்டு குடுக்கறாங்கன்னா எண்ணெய் ரொப்பின ரேடியேட்டர் ஹீட்டர் ஒண்ணு, 1,500 வாட்டு, வாங்கி பகல்ல அதை ஓட்டு, ராத்திரி ஃபர்னஸை கம்மியா வெச்சு ஓட விடு. ரெண்டும் சேந்தா சிலிண்டர் செலவு கொறையும். நீட்டிப்பு வயர்ல மாட்டாத, சுவர்ல நேரா மாட்டு, அதுவும் ராத்திரி ஒரு தடவை பிளக்கை தொட்டுப் பாரு, சுடுதான்னு. அங்கேயே கேஸ் கம்பெனிக்காரங்க 100 பவுண்டு சிலிண்டர் வாடகைக்கு நிறுத்தி வந்து ரொப்பிட்டும் போறாங்களாம், கேட்டுப் பாரு, பனில நீ சிலிண்டரை தூக்கிட்டு அலைய வேணாம். அந்தப் பணத்தை நான் அனுப்பறேன், வேணாம்னு சொல்லாத. வெளிய போற சூட்டை அடை, உள்ள வர்ற காத்தை அடைச்சு மிச்சம் பண்ணாத, அவ்வளவுதான் நான் சொல்றது.

ஊர்ல விசேஷம் ஒண்ணுமில்ல. மேல் வீட்டு பெரியம்மாவுக்கு கண் ஆபரேஷன் ஆச்சு. பின்னாடி தடுப்புச் சுவர் மழைல சரிஞ்சு கட்டியாச்சு. மாப்பிள்ளை போன மாசம் போன் பண்ணினாரு, அவரை மாப்பிள்ளைன்னு சொல்லலாமா கூடாதான்னு கூட எனக்கு தெரியல, நான் எடுக்கல.

ஜன்னல் ஜன்னல்னு ஏன் இத்தனை தடவை சொல்றேன்னு உனக்கு கோவம் வரும்.

1997 ஜனவரி. நீ ஒண்ணாப்பு. நம்ம எல்லாருக்கும் மத்தி மீன் ஒத்துக்கல, ராத்திரி வாந்தி எடுத்தோம், உங்கம்மா வாசல்ல மயங்கி விழுந்தான்னு சொல்லிட்டு இருக்கோமே. இன்னிக்கும் அவ மத்தி வாங்க மாட்டா, நீயும் தொட மாட்ட, உன் தம்பி அப்ப பொறக்கவே இல்ல, அவனும் தொட மாட்டான். மீன்ல ஒண்ணும் இல்ல கண்ணு. அன்னிக்கு நீ இருமிட்டே இருந்த, குளிரு தாங்கலன்னு நான்தான் கும்முட்டி அடுப்பை கரி தணலோட உள்ள கொண்டு வந்து வெச்சேன், ஜன்னல் சந்துல பேப்பரை மடிச்சு மடிச்சு நான்தான் சொருகுனேன். ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஜன்னலை திறம்மான்னு பாடம் நடத்தறவன். ரெண்டு மணிக்கு உங்கம்மா ஒண்ணுக்கு போக எந்திரிச்சு கதவை திறந்து அப்படியே விழுந்தா, அந்தக் கதவு திறந்ததாலதான் நானும் நீயும் முழிச்சோம். காலைல டாக்டர் கேட்டாரு, நான் மீனுன்னு சொன்னேன். ஏஜென்சில தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு. அப்புறம் அது அப்படியே நின்னு போச்சு, 28 வருஷம் ஆச்சு, உங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது, இதை டைப் பண்றப்ப அவ உள்ள பாத்திரம் கழுவிட்டு இருக்கா.

அக்டோபர்ல நீ போன் பண்ணினப்ப அந்த வீட்ல மூச்சு முட்டுதுப்பான்னு சொன்ன. எனக்கு காதுல விழுந்துச்சு. விழாத மாதிரி, கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணுன்னேன், நாலு பேருக்கு என்ன சொல்றதுன்னு உங்கம்மா பேர்ல சொன்னேன், அவ அப்படி ஒண்ணும் சொல்லல. நீ சரிப்பான்னு வெச்சுட்ட. நான் சொன்னது தப்பு.

போன் பண்ண வேணாம், உனக்கு பேசணும்னு தோணறப்ப பேசு. அந்த அலாரத்தை கழட்டி பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, தேதி தெளிவா தெரியணும். அந்த ஜன்னலையும் சேத்து எடு.

அப்பா